எருமப்பட்டி லைனுக்கு ஏத்த காரு

வாங்ணா, அந்த மூட்டை மேலயே உக்காருங்க. கோழித்தீவனம்தான், பேண்ட்டுல ஒட்டுனாலும் தட்டிவிட்டாப் போயிரும். எருமப்பட்டி லைனுக்கு உங்களைப் போட்டிருக்காங்கன்னு மேனேஜரு காலைலயே போன்ல சொன்னாருங்க. பல்லடத்துப் பக்கம் பத்து வருசமா பைக்குலயே பண்ணை பண்ணையாச் சுத்துனீங்களாமா? இங்க பைக்கு ஆகாதுங்ணா. ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டரு. பைக்குல போனா ஆறு மாசத்துல முதுகெலும்பைத் தனியாக் கழட்டி டிக்கியில வெச்சுக்கோணும்.

எந்தக் காரு வாங்கறதுன்னு என்னைக் கேக்கச் சொன்னாரா? மேனேஜரேவா? பாத்தீங்களா. ஆளைத் தூக்கிக் குடோன்ல போட்டாச்சு, மூட்டை எண்ண வெச்சாச்சு. ஆனா அறிவு வேணும்னா மட்டும் இங்கதான் அனுப்பறாங்க. சரி, கேட்டுட்டீங்க, சொல்றனுங்க.

அந்தா, வேப்பமரத்தடியில நிக்குது பாருங்க சாம்பல் கலர்ல, அது என்ற காருங்க. லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டரு. சிரிக்காதீங்ணா. கம்பெனிக்காரன் போட்டது இருபத்து மூணு. மிச்சம் நாலும் நான் ஓட்டி எடுத்தது. அந்தக் காருனால எனக்குக் கெடைச்சது ரெண்டுங்க. ஒண்ணு இந்த இருபத்தேழு. இன்னொண்ணு, என்ற தங்கச்சி தெய்வானை அஞ்சு மாசமா எங்கூடப் பேசறதில்ல. உங்க லிஸ்ட்டுல இருப்பா, கல்லாங்காடு பண்ணைன்னு. வர்ற வெள்ளிக்கெழமை புதுசா அஞ்சாயிரம் குஞ்சு எறக்கறாங்களாமா. மொத தடவை எறக்குனது அத்தனையும் போயிருச்சுங்க. இதுவும் போச்சுன்னா பண்ணையை மூடிப்போட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போறதுதான் வழின்னு மாப்பிள்ளை சொன்னாராம். அதையும் லோடு எறக்க வந்த டிரைவரு சொல்லித்தான் கேட்டேன். கூடப் பொறந்தவனுக்கு லாரிக்காரன் வந்து சேதி சொல்றான்.

அதை விடுங்க. காருக்கு வருவோம்.

நான் காரு வாங்கப்போறேன்னு வாயைத் தெறந்ததுதான் தாமசம், நாமக்கல் சில்லாவே எனக்குப் புத்தி சொல்ல வந்துருச்சுங்க. மேனேஜரு பெரிய வண்டியா வாங்குன்னாரு, பண்ணைக்காரங்க மதிப்பாங்கன்னு. அவருக்கென்னங்க, ஏசி ரூம்ல உக்காந்து மதிப்புக் கணக்குப் போடறவரு. என்ற மச்சினன் பெட்ரோல் காருதான் சத்தமில்லாம ஓடும்னான். கோழிக்கிட்ட ரகசியமாப் போயி நான் என்னங்க பண்றது? டீக்கடையில ஒருத்தரு, முன்னப்பின்னத் தெரியாதவரு, கேஸ் மாட்டிக்கங்கன்னாரு. கேஸ் போடற பங்க் எருமப்பட்டிப் பக்கம் எங்க இருக்குதுன்னு கேட்டேன். அதை நீங்கதான் விசாரிக்கோணும்னுட்டு டீயைக் குடிச்சாரு. போன்லயும் ஒரு பையன் வர்றானுங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு காரு கதவை நூறு தடவை தெறந்து மூடிக் காட்டறான். கதவு நெம்ப நல்லாத்தான் மூடுது. டீசல் எவ்வளவு குடிக்கும்னு கடேசி வரைக்கும் சொல்லல.

ஷோரூமுக்கும் போனனுங்க. கழுத்துல டை கட்டுன தம்பி ஒருத்தன், வாங்க சார், என்ன கலர் பாக்கறீங்கன்னான். தம்பி, கோழிக்குக் கலரு தெரியாது, மைலேஜ் சொல்லுன்னேன். சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கன்னு சாவியக் குடுத்தான். நான் சும்மா ஓட்டறவனா? கையோட நாலு மூட்டை தீவனம் கொண்டு போயிருந்தேன். பின்சீட்டுல ரெண்டு, டிக்கியில ரெண்டு ஏத்துனேன். லோடு ஏத்தாம மைலேஜ் பாக்கறது, சும்மா நிக்கற ஆளைப் பாத்து இவன் நல்ல உழைப்பாளின்னு சொல்ற மாதிரிங்க. அந்தத் தம்பி மூஞ்சியப் பாக்கோணுமே! புதுச் சீட்டு மேல தவிட்டுத் தூசி. மறுக்கா அந்தப் பக்கம் போனா ஷோரூம் கேட்டுலயே, சார், மேனேஜர் லீவுங்கறாங்க. எந்த மேனேஜருங்க மூணு வாரம் லீவு போடுவாரு?

நீங்க நல்லாக் கேட்டுக்கங்க. வாரத்துல ஒருக்கா கோயிலுக்குப் போறவனுக்கு பெட்ரோல். நம்மளை மாதிரி நாளெல்லாம் ரோட்டுல கெடக்கறவனுக்கு டீசல். புதுசு வேண்டாம், நம்ம சம்பளத்துக்கு யானை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு அழுத கதையாயிரும். பழசு, ஆனா ஒரே கையில ஓடுனது. சின்ன வண்டி. பஞ்சர் போடற கடையிலகூட பார்ட்ஸ் கெடைக்கற வண்டியாப் பாருங்க. இந்தக் காரு யாருதுன்னீங்க? ரிட்டையரான தாசில்தாரு ஒருத்தருது. பிரதோசத்துக்குப் பிரதோசம் கோயிலுக்கு மட்டும் எடுப்பாரு. நந்தி பாத்த கிலோமீட்டருதான் மீட்டர்ல இருந்துச்சு. அமுக்கிப்போட்டேன்.

வாங்குனது பாதிதாங்க. ஓட்டறதுதான் மீதி. ஸ்டெப்னி டயரைக் கழட்டி வூட்டுல போட்டேன், பதினஞ்சு கிலோ மிச்சம். பின்சீட்டைக் கழட்டுனேன். என்ற சம்சாரம், குடும்பத்தோட போறப்ப நாங்க எங்க உக்கார்றதுன்னா. குடும்பத்தோட எங்க போறோம்னு நான் கேட்டேன். ஏசி போடறதில்ல. சித்திரை மாசத்துலயும் போடறதில்ல. எறக்கத்துல நியூட்ரலு. முன்னால நாய் நின்னாக்கூட பிரேக்கைத் தொடாம, நூறு அடிக்கு முன்னாலயே ஆக்சிலேட்டரை விட்டுருவேன். நாய்ங்க எல்லாம் என்ற காரைப் பாத்தா எந்திரிச்சு வழிவிட்டுட்டு மறுபடி படுத்துக்கும். அவ்வளவு பொறுமையா ஓட்டுவனுங்க.

இவ்வளவு பண்ணியும் இருபத்தஞ்சு. அதுக்கு மேல ஏறல. அப்பத்தான் ஒரு நா ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். தப்பு காருல இல்ல, போற வழியில.

நம்ம கம்பெனியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க பாருங்க, நிறைமதின்னு. கோழி டாக்டரு. இன்னிக்கோ நாளைக்கோ உங்களுக்கும் ஒரு பேப்பரு குடுப்பாங்க. எல்லாருக்கும் குடுப்பாங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி. மொதல்ல குஞ்சு இருக்கற பண்ணைக்குப் போகோணும். அப்புறம் வளந்த கோழி. கடேசியா சீக்குக் கோழி. சீக்குப் பண்ணைக்குள்ள காலு வெச்சுட்டா அன்னிக்கு வேற எந்தப் பண்ணைக்கும் போகக்கூடாது. வூட்டுக்குப் போயி தலைக்கு ஊத்தோணும், துணி மாத்தோணும், காரைக் கழுவோணும். அதாவது, எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்த சாங்கியம் அத்தனையும் கோழிக்குச் செய்யோணும்.

பல்லடத்துலயும் அப்படித்தான் செய்வீங்களா? சரி சரி. பைக்கை எத்தனை நேரங்க கழுவப்போறீங்க.

அவங்க வரிசையில போனேன்னா என்ன ஆகும்னு யோசிங்க. எருமப்பட்டி தாண்டிப் போயி குஞ்சைப் பாக்கோணும், திரும்பி மோகனூர்ப் பக்கம் வந்து வளந்ததைப் பாக்கோணும், மறுபடி எருமப்பட்டி போகோணும். நெசவுத்தறியில நாடா போயிட்டு வர்ற மாதிரி. தெனமும் முப்பத்தெட்டு கிலோமீட்டரு தண்டம். கம்பெனி டீசலுக்குன்னு குடுக்கறது மாசம் ஒரே தொகை, மிச்சம் போறது நம்ம பாக்கெட்டு. டாக்டரம்மாவுக்கு என்னங்க, கம்பெனி காரு, கம்பெனி டிரைவரு.

நான் என்ன பண்ணுனேன்? கிட்டத்துல இருக்கறது மொதல்ல, தூரத்துல இருக்கறது அப்புறம். ஒரே கோடு. போற வழியில ஒரு பண்ணையும் விடறதில்ல, போன வழியில திரும்பறதில்ல, சுத்தி மோகனூர் ரோட்டுல வந்து வூடு சேந்துருவேன். பஸ்ஸுக்காரன் இத்தனை வருசமா அப்படித்தானுங்க ஓட்டறான். அவன் என்ன, குழந்தைங்க இருக்கற ஸ்டாப்புக்கு மொதல்ல போறானா?

அப்புறம் அந்தக் கேட்டுல இருக்கற மருந்துத் தொட்டி. பண்ணைக்குள்ள போறப்ப டயரை முக்கோணும்னு கட்டி வெச்சிருப்பாங்க பாருங்க. மொத கியர்ல எறங்கி, மொத கியர்ல ஏறோணும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு பண்ணை, உள்ள வெளிய இருபத்து நாலு தடவை. மைலேஜு என்னத்துக்காகும்? பத்தாததுக்கு அந்த மருந்து சக்கரத்து இரும்பைத் தின்னுப்போடும். நான் தொட்டிக்கு ஓரமா ரெண்டு சக்கரத்தை ஏத்தி ஒடிச்சு உள்ள போயிருவேன். வாட்சுமேனுங்களுக்கு என்னைத் தெரியும், சிரிப்பாங்க.

அந்த வாரம் இருபத்தேழைத் தொட்டுச்சுங்க. பங்க்ல ரெண்டு தடவை வழிய வழிய அடிச்சுப் பாத்தேன். இருபத்தேழு. எனக்குப் புள்ளை பொறந்தப்பகூட அப்படி ஒரு சந்தோசம் இல்ல. என்ற சம்சாரத்துகிட்ட அதைச் சொல்லியும் போட்டேன். அது வேற சண்டை.

ஏப்பா, அந்த மக்காச்சோள மூட்டைய செவுத்தோட ஒட்டிப் போடாத, ஈரம் ஏறும்! ... பாத்துக்கங்ணா, ரோட்டுல ராசாவா இருந்தவன் இப்ப மூட்டைக்குக் காவல்.

எங்க விட்டேன்? ஆமா, இருபத்தேழு. அப்பத்தான் நாச்சிமுத்தண்ணன்னு ஒருத்தரு. பழையூருல பண்ணை. உங்க லிஸ்ட்டுல மொதப் பேரு அவருதான், கிட்டத்துல இருக்கறதுனால. ஒரு நா போறேன், மூணு கோழி கழுத்தை முறுக்கிக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. பத்துப் பதினஞ்சு செத்தும் கெடக்குது. வெயிலுண்ணா, தண்ணியில கொஞ்சம் வெல்லம் கலக்கி வைங்கன்னு சொல்லிப்போட்டேன். இருந்தாலும் நான் பொறுப்பானவன் பாருங்க, செத்ததுல ரெண்டை பையில கட்டி டிக்கியில வெச்சேன், சாயங்காலம் போறப்ப லேப்புல குடுத்துக்கலாம்னு. அதுக்குன்னு தனியா நாமக்கல்லு வந்துட்டுப் போனா ஒரு லிட்டரு போகுமுங்க.

அங்கயிருந்து மூணு கிலோமீட்டருதான் கல்லாங்காடு, தெய்வானை பண்ணை. நேரா அங்க போனேன்.

அவளுக்கு அது மொதப் பண்ணைங்ணா. எங்கப்பா அவளுக்குன்னு எழுதி வெச்ச ஒண்ணரை ஏக்கராவை பேங்க்ல வெச்சு, மாப்பிள்ளை அத்தப்பனும் அவளுமா செட்டுப் போட்டாங்க. பண்ணை வைன்னு சொன்னதே நான்தான். எந்தக் குஞ்சு நல்ல குஞ்சுன்னு சொன்னதும் நான்தான். பன்னெண்டு நாள் குஞ்சுங்க அப்ப. மஞ்ச மஞ்சேன்னு, செட்டுக்குள்ள போனா காலு வெக்க எடமில்லாம ஓடும். எனக்குக் கையில ஒண்ணை எடுத்து எடை போட்டுப் பாக்கற பழக்கம். அன்னிக்கும் செட்டுல அஞ்சாறு குஞ்சு எடுத்துப் பாத்தேன். நல்ல எடை. தெய்வானை மோரு கொண்டாந்து குடுத்தா. அண்ணன் வந்தாத்தான் எனக்கு தெம்பா இருக்குதுன்னா. இதை நான் எதுக்குச் சொல்றேன்னா, அன்னிக்கு வரைக்கும் அவளுக்கு எம்மேல ஒரு கொறையும் இல்லீங்க.

அஞ்சாம் நாளு போன் வருது. குஞ்சுங்க மூச்சு வாங்குதுண்ணா, வெள்ளையா கழியுதுண்ணான்னு. ஏழாம் நாளு கழுத்து முறுக்குது. ஒம்பதாம் நாளு செட்டுக்குப் பின்னால பொக்லைன் வெச்சு குழி எடுக்கறாங்க. வெள்ளைக்கழிச்சல்னு லேப்புல எழுதிக் குடுத்துட்டாங்க. மாப்பிள்ளை கூடை கூடையாக் கொண்டாந்து கொட்டறாரு, இவ மேல சுண்ணாம்பு தூவறா. நான் விட்டுட்டு இருப்பனா? வேலைய விட்டுப்போட்டு ஓடுனேன். வழியில நாச்சிமுத்தண்ணன் பண்ணையில ஒரு எட்டு எறங்கி, அங்க எப்படின்னு பாத்துட்டு ஓடுனேன்.

அவ அழுவான்னு நெனைச்சேன். அழுகல. சுண்ணாம்புக் கையோட வந்து என்ற காரு டயரையே பாத்துக்கிட்டு நின்னா. எங்கிருந்துண்ணா வர்றேன்னு கேட்டா. நாச்சிமுத்தண்ணன் பண்ணையிலயிருந்துதான் வர்றேன்னேன். அன்னிக்கு? அதுக்கு முன்னால வந்தியே, குஞ்சு நல்லா இருந்தப்ப, அன்னிக்கு எங்கிருந்து வந்தேன்னா. அன்னிக்கும் அங்கயிருந்துதான் கண்ணுன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. அவ என்னை வெளிய நிக்கவெச்சே கேட்டைச் சாத்துனா. உள்ள தாப்பாப் போடற சத்தம் கேட்டுச்சு. அப்பா செத்தப்புறம் அவளை நான் கட்டிக் குடுத்தனுங்க. அந்தத் தாப்பாச் சத்தம் எனக்கு இன்னும் ஆறல.

பொறாமைங்ணா. மாப்பிள்ளை ஒரு பழைய வேன் வெச்சிருக்காரு, பத்துக் கிலோமீட்டரு தர்றது. என்ற காரு இருபத்தேழுன்னா பாக்கறவங்களுக்கு இருக்கத்தான் செய்யும்.

அப்புறம் அந்தச் சீக்கு நின்னுச்சாங்கறீங்களா? நாச்சிமுத்தண்ணனுக்கு அடுத்தது தெய்வானை. தெய்வானைக்கு அடுத்தது லோகநாதன். அதுக்கடுத்தது ருக்மணியம்மா. வரிசையா, ஒரு பண்ணை விடாம. சீக்குக்குக்கூட வழி தெரியுது பாருங்க, குறுக்க நெடுக்கப் போகாம நேராப் போகுது. காக்காதாங்ணா காரணம். செத்த கோழியைக் கொத்திக்கிட்டுப் பறந்து போயி அடுத்த பண்ணையில போடுது. எங்க போனாலும் நான் சொன்னேன், காக்காயை வெரட்டுங்கன்னு.

மாசக் கடேசியில கம்பெனியில மீட்டிங்கு. டாக்டரம்மா என்னைக் கூப்புட்டு, சார், நீங்க போற வரிசையைப் போர்டுல எழுதிக் காட்ட முடியுமாங்கறாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. டீசல் மிச்சம் புடிக்கறதுக்கு ஏதோ பரிசு குடுக்கப்போறாங்க, இவனைப் பாத்து எல்லாரும் கத்துக்கங்கன்னு சொல்லப்போறாங்கன்னு. நல்ல சட்டையா வேற போட்டுட்டுப் போயிருந்தேன். பன்னெண்டு பண்ணையும் எழுதி, அம்புக்குறி போட்டு, கீழ இருபத்தேழுன்னு எழுதி கோடும் போட்டேன். அந்தம்மா சிவப்புப் பேனா எடுத்து, ஒவ்வொரு பண்ணைக்குப் பக்கத்துலயும் சீக்கு வந்த தேதியை எழுதறாங்க. மேலயிருந்து கீழ வரைக்கும் தேதி வரிசையா எறங்குது.

காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு சொன்னேன். அந்தம்மா என்னையே பாத்துச்சு. கோவமாப் பாத்திருந்தா நானும் ரெண்டு கேட்டிருப்பேன். பாவம் பாத்த மாதிரி பாத்துச்சு. அடுத்த நாளு மேனேஜரு, நீங்க நெம்ப அலைஞ்சுட்டீங்க, குடோனுக்கு உங்களை மாதிரி சிக்கனமான ஆளு வேணும்னாரு. ஊருக்கு எளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டி. ஆனா ஒண்ணு, சிக்கனம்னு அவரு வாயாலயே சொன்னாருங்க.

இப்ப அந்தக் காரு சும்மாத்தான் நிக்குது. வூட்டுலயிருந்து குடோனு ஒண்ணரைக் கிலோமீட்டரு, அதுக்கு எதுக்குக் காரு, நடந்தே வந்துருவேன். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னுதான் எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க சாவி, எறங்கிப் பாருங்க. இஞ்சின் சத்தம் கேளுங்க. என்ன வெலை சொல்வேன்னு கேக்கறீங்களா? அதெல்லாம் பேசிக்கலாம், உங்ககிட்ட நான் சம்பாதிச்சு என்ன பண்ணப்போறேன்.

லைன் ஷீட்டைக் கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க, போற வரிசையை நானே எழுதித் தர்றேன். டாக்டரம்மா பேப்பரை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கங்க, எங்கயாச்சும் கேட்டாக் காட்டலாம். மொதல்ல பழையூரு நாச்சிமுத்தண்ணன். ரெண்டாவது...

இருங்ணா.

ரெண்டாவது போட வேண்டாம். கல்லாங்காட்டை மொதல்ல போடறேன். வெடியால வேற எங்கயும் எறங்காம நேரா அங்க போயிருங்க. வூட்டுல தலைக்கு ஊத்திட்டு, தொவைச்ச துணி போட்டுக்கிட்டுப் போங்க. முந்தின நாளு போட்ட செருப்பு வேண்டாம். தொட்டியில மருந்து இல்லாட்டி நீங்களே எறங்கி ஊத்துங்க, நாலு டயரும் முங்கட்டும். குஞ்சைக் கையில எடுத்து எடை பாக்கோணும்னு இல்ல, அவளே தராசு வெச்சிருக்கறா, அவளை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு மூணு கிலோமீட்டரு திரும்பி வந்து நாச்சிமுத்தண்ணனைப் பாருங்க. அங்க ஏதாச்சும் சீக்குன்னு தெரிஞ்சா அடுத்த நாளு கல்லாங்காட்டுப் பக்கமே தலை வெக்காதீங்க. டீசல் கூடத்தான் ஆகும். ஆகட்டுமுங்க. அந்த டீசலை நான் போட்டுத் தர்றேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சீக்கு காருலதான் போச்சுன்னு நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல. மத்த பண்ணைக்கெல்லாம் லைன்படியே போங்க.

போகாதீங்ணா. மத்ததுக்கும் அந்தம்மா சொன்ன மாதிரியே போங்க.

அவ கேட்டா, டாக்டரம்மா சொல்லித்தான் இந்த வரிசையில வர்றேன்னு சொல்லுங்க. என்ற பேரை எடுக்காதீங்க. அப்புறம்ணா, அந்தச் சாவியக் குடுங்க. நீங்க வேற காரு பாருங்க. எருமப்பட்டியில ஒரு புரோக்கரு இருக்கறாரு, நம்பரு தர்றேன். லிட்டருக்கு இருபது தந்தாப் போதும், அதுக்கு மேல கேக்காதீங்க. இந்தக் காருல யாரு போனாலும் அவ கேட்டைத் தெறக்க மாட்டா. தெறக்காம இருக்கறதுதான் அந்தக் குஞ்சுங்களுக்கும் நல்லது.